இடது மூலை ஸ்பீக்கர்

கூடத்தின் நான்கு மூலைகளிலும் ஸ்பீக்கர். நடுவே பாயில் ஐயா அமர்ந்திருந்தார்.

"எந்த மூலையில போட்டாலும் நேத்து வரைக்கும் வலது பக்கமே திரும்பினாரு," என்றாள் ஒலிப்பதிவாளரின் மனைவி, எதிரே அமர்ந்தபடி.

"இன்னிக்குப் பாரு. நாலு பக்கமும் மைக் வச்சு உன் குரலைப் பதிஞ்சிருக்கேன். நேர்ல கூப்பிடுற மாதிரியே இருக்கும். நீ மட்டும் வாயைத் திறக்காத," என்று ஒலிப்பதிவாளர் பட்டனை அழுத்தினார்.

இடது மூலையில் அவள் குரல் எழுந்தது: "கண்ணு, அம்மா இங்க இருக்கேன்."

ஐயா சட்டென்று இடப்பக்கம் திரும்பினார். விறுவிறுவென்று தவழ்ந்து போய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டார்.

"பெத்தவ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், பெட்டியைக் கட்டிக்கிறான் பாருங்க," என்று அழுதபடியே சிரித்தாள்.

"டாக்டருக்குப் போன் போடு. ஆபரேஷன் பண்ணின இடது காது கேக்குது."