மேயர் நிறுத்திய மணி

மேயர் டான் லியாண்ட்ரோ தேவாலய மணிக்கூண்டின் எண்பத்தொரு படியையும் ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார்.

மணியடிக்கும் கசிமிரோ எழுந்திருக்கவில்லை. தொப்பியையும் கழற்றவில்லை. ரொட்டியை மென்றுகொண்டிருந்தான்.

செப்டம்பர் திருவிழாவில் காளை ஓட்டத்தை நிறுத்த மனம் வராத மனிதர் இவர். கூட்டத்தோடு இன்ஃப்ளுயன்சாவும் ஊருக்குள் வந்த பிறகு இவர் நிறுத்தியது சாவு மணியை. மணி கேட்டால் ஜனம் பயந்துவிடுமாம். பயந்தவர்களைக் காய்ச்சல் பிடித்துக்கொள்ளுமாம்.

உலகமே அந்தக் காய்ச்சலுக்கு இவர்கள் நாடான ஸ்பெயினின் பெயரை வைத்துத் திட்டிக்கொண்டிருந்தது. மேயரைக் கேட்டால், ஊரில் நாலு பேருக்குச் சளி, அவ்வளவுதான்.

அக்டோபர் முழுக்கச் சவப்பெட்டிகள் சத்தமில்லாமல் போயின. எதிர்வீட்டில் செத்தது யாரென்பதே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. கசிமிரோ மேலேயிருந்து கல்லறைப் பாதையைப் பார்த்து, பெட்டிக்கு ஒரு கரிக்கோடாகச் சுவரில் கிழித்து வைத்தான். முதல் கோடு மட்டும் விரல் நீளம்தான் இருந்தது.

"ரெமெதியோஸ் விடியக்காலைல போயிட்டா, கசிமிரோ," என்றார் மேயர். "இருபது வருஷம் எங்கூட வாழ்ந்தவ. மணி இல்லாம அவளை எப்படிப்பா அனுப்புவேன்? உத்தரவை நான் பாத்துக்கறேன்."

அழுது அழுது கண் வீங்கியிருந்தது. துக்கம் பொய்யில்லை. ஆனாலும் கசிமிரோவுக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஊரார் வீட்டுச் சாவுக்கு உத்தரவு, தன் வீட்டுச் சாவுக்கு விலக்கு.

ரொட்டித் தூளைத் தட்டிவிட்டு எழுந்து சுவரைக் காட்டினான்.

"அடிக்கறேங்க. வரிசையா அடிக்கறேன். உங்க வீட்டம்மா முப்பத்தெட்டாவது."

மேயர் கல் படியில் உட்கார்ந்தார்.

கசிமிரோ பெரிய மணியை விட்டுவிட்டு, மூலையில் தொங்கிய சின்னக் கயிற்றைப் பிடித்தான். ஏழு வயதுக்குள் செத்தவர்களுக்கு மட்டும் அடிக்கும் மணி அது. பாவமறியாத பிள்ளை நேரே சொர்க்கம் போகிறது என்று, கல்யாண மணிபோல் துள்ளலாக அடிப்பார்கள்.

முதல் கோடு யாருடையது என்று மேயருக்குத் தெரியாது. தெரிய வழியுமில்லை, மணிதான் அடிக்கவில்லையே.

கசிமிரோ தன் மகள் நியெவெஸுக்காகக் கயிற்றை இழுத்தான்.