நாற்பத்து நான்காம் நிமிடம்

தொண்ணூறு நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம்தான். அது தீர்ந்ததும் ரெக்கார்டர் தானே நின்றுவிடும். நாம்தான் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும். கச்சேரிகளில் நான் பாட்டில் மூழ்கி இதை மறந்துவிடுவேன். அதனால் என் மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, நாற்பத்து நான்காம் நிமிடத்தில் என் காதருகே கிசுகிசுப்பாள். மைக் என் சட்டைப் பையில் இருந்ததால் அதுவும் பதிவாகிவிடும்.

இப்போது மகள் அந்த கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருகிறாள்.

"எல்லாத்துலயும் அம்மா குறுக்க பேசுறாங்கப்பா. வெட்டிடவா?"

"அதுல கை வச்சே, தெரியும் சேதி. வேணும்னா பாட்டை வெட்டிக்கோ."

சிரித்துக்கொண்டே கடைசி கேசட்டைப் போட்டாள். மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து நான் தனியாகப் போன கச்சேரி அது. பழக்கதோஷத்தில் இரண்டு டிக்கெட் வாங்கி, பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருந்தேன்.

"இதுல அம்மா இருக்கமாட்டா" என்றேன்.

நாற்பத்து நான்காம் நிமிடம் வந்தது.

"என்னங்க, திருப்பிப் போடுங்க. தூங்கிட்டீங்களா?"

மகள் கேசட் உறையை எடுத்துப் பார்த்தாள். "தேதியைத் தப்பா எழுதிட்டீங்களாப்பா?"

"இல்லம்மா."

அன்று சரியான நேரத்தில் திருப்பிவிட்டேன் என்று பெருமைப்பட்டது நினைவிருக்கிறது. கச்சேரி முடிந்ததும் பையைத் தேடினேன். பக்கத்து இருக்கையிலிருந்து அதை யாரோ கீழே இறக்கி, என் காலில் சாய்த்து வைத்திருந்தார்கள்.