மோர் மட்டும் போதும்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் மோரை மட்டும் குடித்துவிட்டு, பரிமாறின இலையை அப்படியே மூடிய மனுஷனை என்னவென்று சொல்ல? அதுவும் முதலாளி மகள் கல்யாணத்தில்.

நாராயணவனம் மண்டபமே திரும்பிப் பார்த்தது. போளி வைக்க வந்தவர் தட்டோடு நின்றுவிட்டார்.

முதலாளி நாகபூஷணத்துக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "ஏமய்யா, என் வீட்டு அன்னம் உனக்கு இறங்கலையா?"

"மோர் மட்டும் போதும் சார்" என்று எழுந்து கை கழுவப் போனார் தணிகைவேல். அவ்வளவு திமிர்.

சண்டை பழசு. சந்திரகிரி கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, பொட்டல் நிலத்தில் நாகபூஷணம் ஒரு குட்டி விமானம் வைத்திருக்கிறார். இரண்டே சீட். திருப்பதிக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராக ஏற்றி, கோட்டையை ஒரு சுற்று காட்டி இறக்குவது பைலட் தணிகைவேலின் வேலை.

விமானத்தோடு ஒரு பெட்டியும் வந்தது. உள்ளே பாராசூட். மேலே போனபிறகு ஏதாவது ஒடிந்தால் சிவப்புக் கைப்பிடியை இழுத்தால் போதும், விமானத்தையே ஆளோடு சேர்த்து மெல்ல இறக்கிவிடும். அதை மாட்டவே இல்லை. ஷெட்டில் கிடக்கிறது. டிக்கெட் கொடுக்கும் ரோஹிணி அதன் மேல்தான் டிபன் கேரியரை வைப்பாள்.

"அதை மாட்டிடலாம் சார்" என்று மூன்று மாதத்துக்கு முன் தணிகைவேல் கேட்டார். "ஏறுறவங்க நம்மள நம்பித்தானே ஏறுறாங்க."

"பெட்டி பதிமூணு கிலோப்பா. வண்டி தூக்குற எடைக்கு ஒரு அளவு இருக்கு. அவ்ளோ எடையை எங்க குறைக்கிறது? கொஞ்சம் பூசினாப்ல இருக்கிறவங்களை எல்லாம் திருப்பி அனுப்பவா? வர்றவங்கள்ல பாதிப்பேர் அப்படித்தான். மலையடிவாரத்துல, அலிபிரியில பூஜை போட்ட வண்டி, ஒண்ணும் ஆகாது."

"ஆயிட்டா?"

"பேச்சு முடிஞ்சுது. போய் வண்டியை எடு."

அன்றிலிருந்து தணிகைவேல் சோற்றில் சரியாகக் கை வைப்பதில்லை. மத்தியானம் எல்லாரும் கேரியரைத் திறந்தால், இவர் ஒரு வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரோஹிணி நகரியிலிருந்து மீன் குழம்பே கொண்டு வந்தாலும் வேண்டாம்.

"வீம்புக்குப் பட்டினி கெடந்துக்கினு பாதியா இளைச்சிட்டாரு சார்" என்றாள் அவள், முதலாளியிடம்.

"உண்ணாவிரதம் இருந்தா நான் பயந்துடுவேனா? கெடக்கட்டும்."

கிடந்தார். கல்யாணப் பந்தியிலும் கிடந்தார். அதைத்தான் நாகபூஷணத்தால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில் நேராக ஷெட்டுக்கு வந்துவிட்டார்.

"சம்பந்தி முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட. என் சோத்தைத் தொடாதவன் என் வண்டியைத் தொட வேணாம். சாவியை ரோஹிணிகிட்ட குடுத்துட்டுக் கெளம்பு."

தணிகைவேல் சாவியைக் கொடுத்தார். கிளம்பவில்லை. ஏறுகிறவர்களை நிறுத்துப் பார்க்க வாசலில் வைத்திருக்கும் எடை மெஷினில் போய் நின்றார்.

"ரோஹிணி, என் எடைன்னு போர்டுல எவ்ளோ எழுதி வெச்சிருக்க?"

"எண்பத்தஞ்சுண்ணா."

"இப்ப என்ன காட்டுது?"

அவள் குனிந்து பார்த்தாள். நாகபூஷணமும் எட்டிப் பார்த்தார். எழுபத்திரண்டு.

"பெட்டி பதிமூணு கிலோ. எங்க குறைக்கிறதுன்னு கேட்டீங்களே சார், இங்க குறைச்சிருக்கேன். ஒருத்தரையும் திருப்பி அனுப்ப வேணாம். மொதல்ல அதை மாட்டுங்க, அப்புறம் என்னை அனுப்புங்க. புது ஆளு தேடுறதா இருந்தா, எழுபத்திரண்டு கிலோவுல தேடுங்க."

நாகபூஷணம் போர்டையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னப்பா?" நாகபூஷணத்தின் குரல் இறங்கியிருந்தது.

"சொல்லியிருந்தா, மிச்சமான எடைக்கு இன்னும் கொஞ்சம் குண்டான ஆளா ஏத்தியிருப்பீங்க."

அப்படித்தான் செய்திருப்பார் என்று நாகபூஷணத்துக்கே தெரியும். பெட்டியருகே போய், மேலிருந்த டிபன் கேரியரைத் தன் கையாலேயே எடுத்துத் தரையில் வைத்தார்.

"ரோஹிணி, மெக்கானிக்கை வரச் சொல்லு. இதை இன்னிக்கே மாட்டணும். சாவியைத் தணிகைவேல்கிட்டயே திருப்பிக் குடுத்துடு."

ரோஹிணிக்குக் கண் கலங்கிவிட்டது. சாவியோடு கேரியரையும் திறந்து நீட்டினாள். "அதான் ஜெயிச்சாச்சேண்ணா. இன்னிக்காவது ஒரு வாய் துன்னுங்க."

மீன் குழம்பு வாசனை ஆளைத் தூக்கியது. தணிகைவேல் எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

"வேணாம்மா. என் எடை ஏறினா, பெட்டி இறங்கிடும்."