ஆறு மணிக்கு டங் டங்

சீசன் முடிந்து லாட்ஜ் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அறைகளில் பதினொன்று பூட்டிக் கிடந்தன. மிச்சமிருந்த ஒன்றில் தங்கியிருந்த மீசைக்காரர்தான் முதலாளியின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

மனிதர் வம்புதும்புக்குப் போகிறவர் இல்லை. ஆனால் மாலை ஆறு அடித்தால் போதும், ரூம் சாவியும் கையுமாகக் கிளம்பி, லாட்ஜில் ஒரு ஜன்னல் விடாமல் கம்பிகளைத் தட்டுவார். டங், டங், டங். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டுவார். நேற்று சமையலறைக்கும் போய்விட்டார். சமையல் மாஸ்டர்தான் கரண்டியோடு வழிமறித்து, "வெளி ஆளுங்க உள்ள வரக்கூடாது சார்" என்று விரட்டியடித்தார்.

"எந்தக் கம்பி இத்துப்போயிருக்குன்னு பாக்கறான் மாஸ்டர். ஆளுங்களோட வந்து அறுத்துட்டு உள்ள பூந்துடுவான்" என்று முதலாளி புலம்பினார்.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "அதில்ல முதலாளி. அது ஜெயில் வழக்கம். சாயங்காலம் பூட்டறப்ப ஒவ்வொரு கம்பியா தட்டுவாங்க. அறுத்து வச்சிருந்தா சத்தம் மாறும். அங்க வருஷக்கணக்கா இருந்தவனுக்குத்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கும்."

"ஐயையோ! தப்பிச்சு வந்த கைதியா?"

"யாரா இருந்தா நமக்கென்ன? நைசா ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுங்க. போலீஸ் கீலீஸ்னு போனா லாட்ஜ் பேருதான் கெடும்."

முதலாளிக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த ஒரு வருஷத்தில் வாசல்படி தாண்டாத மனுஷன்! லாட்ஜ் மேல் எத்தனை அக்கறை! ஆனாலும் பயம் யாரை விட்டது? மாஸ்டருக்குத் தெரியாமல் போலீசுக்குப் போன் போட்டார்.

மறுநாள் மாலை ஜீப் வந்தது. முன்வாசலில் இருவர், பின்கதவில் இருவர் என்று ஆட்களை நிறுத்திவிட்டு உள்ளே வந்த இன்ஸ்பெக்டர், மீசைக்காரரைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்களா! யோவ், நான் பிடிச்சுட்டுப் போற ஆளையெல்லாம் உள்ள வச்சுப் பூட்டின வார்டரே இவர்தான்யா!"

மீசைக்காரர் வெட்கத்தோடு சிரித்தார். "முப்பது வருஷம் தட்டின கை. ரிட்டயர் ஆகியும் சாயங்காலமானா சும்மா இருக்க மாட்டேங்குது."

முதலாளி அசடு வழிந்தார். "மன்னிச்சுக்குங்க சார். கம்பி தட்டறது ஜெயில் வழக்கம்னு எங்க மாஸ்டர் சொன்னதும் பயந்துட்டேன்."

மீசைக்காரரின் சிரிப்பு நின்றது.

"உங்க மாஸ்டர் அங்க எத்தனை வருஷம் இருந்தாராம்?"

மூவரும் சமையலறைக்கு ஓடினார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மாஸ்டரைக் காணோம். பின்கதவு வழியாக ஒரு எறும்புகூடப் போகவில்லை என்று போலீஸ்காரர்கள் சத்தியம் செய்தார்கள்.

மீசைக்காரர் தட்டிப் பார்க்காத அந்த ஒரே ஜன்னலில், இரண்டு கம்பிகள் குறைந்தன.