பூட்டக்கூடிய கதவு

அவன் கதவின் மேல்தான் உட்கார்ந்திருந்தான்.

அது கதவு என்று அவனுக்குத் தெரியாது. அவள்தான் அதை முற்றத்தில் நான்கு சீமெந்துக் கற்களின் மேல் படுக்கப் போட்டு, பழைய சேலையை மடித்து விரித்திருந்தாள். கைப்பிடியைக் கழற்றி அரிசி வாளிக்குள் ஒளித்திருந்தாள்.

அவள் கொட்டில் வாசலில் நின்றாள். வாசலில் வெறும் நிலை மட்டும் இருந்தது.

சுகிர்தன், வீட்டுத்திட்ட உத்தியோகத்தன், படிவத்தை மடியில் வைத்துப் பேனையை இரண்டு தரம் சொடுக்கினான். இந்த மாதிரி ஆட்களுக்குச் சொடுக்காமல் எழுத வராது.

இது அவனுடைய இரண்டாவது வருகை.

முதல் தரம் வந்தபோது கதவைத் தட்டினான்.

கொட்டிலின் மற்ற மூன்று பக்கமும் தறப்பாள். ஒரு பக்கத்தில் ஆள் நுழையக்கூடிய கிழிசல். அதன் வழியாக அவள் உலை வைப்பதைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பான். ஆனாலும் மரியாதை தெரிந்த பிள்ளை. முன்னால் போய் நின்று மூன்று தரம் தட்டினான். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திறந்தாள்.

திறந்ததுதான் வினையாகப் போனது.

ஒரு மாதம் கழித்து வீட்டுத்திட்டக் கந்தோர்ச் சுவரில் பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயருக்கு நேரே எழுதியிருந்தது: பூட்டக்கூடிய நிரந்தரக் கதவு உண்டு. தகுதியில்லை.

நிரந்தரம் என்பது உண்மைதான். பழைய வீட்டில் ஓடு போனது, யன்னல் போனது, கிணற்றுக் கப்பிகூடப் போனது. கதவு மட்டும் இடிந்த சுவருக்கு அடியில் கிடந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தவள் அதைக் கிளறி எடுத்தாள்.

கணவனைத் தேடி எடுக்க முடியவில்லை. அவன் செய்வித்த கதவையாவது எடுத்தாள்.

பட்டியலைப் பார்த்த அன்றே மேன்முறையீடு எழுதிக் கொடுத்தாள். அடுத்த கிழமை வந்து பார்ப்போம் என்றார்கள். கதவைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அடுத்த கிழமை எவரும் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

பதினெட்டு நாள். வாசலில் சாக்கைத் தொங்கவிட்டு, குறுக்கே அவள் படுத்தாள். உள்ளே பத்தொன்பது வயது மகள். றோட்டில் போகிற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் தன் படலையடியில் மெதுவாவதாகவே அவளுக்குப் பட்டது.

மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை. இந்தப் பட்டியலை விட்டால் அடுத்தது எப்போது என்று ஊர் விதானையாருக்கே தெரியாது.

"சுவர்?" என்று அவனே கேட்டு, அவனே எழுதினான். தறப்பாள்.

கூரை. தகரம்.

நிமிர்ந்து வாசலைப் பார்த்தான். தான் தட்டிய கதவு எங்கே என்று அவன் கேட்கவில்லை. இவனுக்கு வீடுகள் ஞாபகம் இருப்பதில்லை, படிவத்தின் கட்டங்கள்தான் ஞாபகம்.

கதவு. இல்லை.

எழுதிவிட்டான். அவள் தன் கண்ணால் பார்த்தாள்.

அவளுக்கு மூச்சு வந்தது. மகளை வைத்துப் பூட்ட நாலு சுவர் வரப்போகிறது. பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தாள். சீனி கொஞ்சம் கூடவே போட்டிருந்தாள்.

குடித்துக்கொண்டே அவன் மற்றக் கையால் சேலையின் ஓரத்தை விலக்கினான். விரல் ஒரு துளையில் இறங்கியது. பூட்டுக்குத் திறப்புப் போடுகிற துளை.

அவள் அசையவில்லை.

அவன் விரலை எடுத்துப் பலகையைத் தடவினான்.

"இருக்க நல்ல வாங்கு. முதிரையோ அம்மா?"

"முதிரைதான் தம்பி. முழு வைரம்."

கேட்கிறவன் யார், ஏன் கேட்கிறான் என்று பாராமல் வாய் முந்திக்கொண்டது. முதிரையில் கதவு வைத்திருக்கிற எவளும் அதை வேறு மரம் என்று சொல்லமாட்டாள். உயிர் போனாலும் சொல்லமாட்டாள்.

பேனை சொடுக்கியது. படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பினான்.

தலைகீழாகத்தான் வாசித்தாள். வாசிக்க முடிந்தது.

பெறுமதிவாய்ந்த மரத் தளபாடம்: உண்டு.

பட்டியலில் இதற்கும் தகுதியில்லைதான். எழுதி முடித்தவன் முகத்தில் கடமையைச் செய்த திருப்தி. பிளேன்ரீயின் கடைசி முடறையும் விடவில்லை.

கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். பெற்ற பிள்ளையைப் பதினெட்டு நாள் சாக்குக்குப் பின்னால் படுக்க விட்டு, இந்தப் பிண்டத்துக்கு ஆசனம் போட்டுக் காத்திருந்திருக்கிறாள்.

"எழும்புங்கோ தம்பி."

எழும்பினான். சேலையை உருவித் தோளில் போட்டாள். பலகையைச் சரித்தாள், நிமிர்த்தினாள், இரு கைகளாலும் அணைத்து அடி அடியாக வாசலுக்கு நகர்த்தினாள். அவன் படிவத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இடிபடாமல் விலகி நின்று பார்த்தான். உதவிக்கு ஒரு கை கொடுப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

உள்ளே போய், நிலையோடு பொருந்த இழுத்துச் சாத்தினாள். கதவைத் தாங்கப் பிணைச்சல் மாட்டவில்லை. முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றாள்.

பக்கத்தில் தறப்பாள் காற்றில் மேலே எழும்பியது. அவனுடைய சப்பாத்துக் கால் தெரிந்தது. குனிந்தால் அவனும் அவளைப் பார்க்கலாம்.

அவன் குனியவில்லை.

தட்டினான்.

மூன்று தரம். மூன்றும் அவள் முதுகில் விழுந்தன.

"அம்மா, உங்கட கையெழுத்து வேணும்."

"பூட்டிக் கிடக்கு எண்டு எழுதுங்கோ."

படிவத்தைத் திருப்புகிற சத்தம் கேட்டது.

பிறகு வெளியே பேனை சொடுக்கியது.