ஒலிமரபு

“நரி ஊளையிடும்” என்றாள் இரண்டாம் வகுப்பு டீச்சர்.

“நரி ஊளையிடும்!” என்று வகுப்பு திருப்பிச் சொன்னது. சொன்னது என்பது மரியாதைக்கு. கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கத்தியது.

எந்தப் பிராணி எப்படிச் சத்தம் போடும் என்ற பாடம் அது. குதிரை கனைத்தாயிற்று, யானை பிளிறியாயிற்று. டீச்சருடைய குரல் இவற்றில் எதிலும் சேராது. முதல் பெஞ்சைத் தாண்டுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். முதல் பெஞ்சு கேட்டதைச் சொல்லும். அதைக் கேட்டு நடு பெஞ்சு சொல்லும். கடைசி பெஞ்சு ஒன்றையும் கேட்காமலே எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்லும். பாடம் எப்படியோ நடந்துவிடும்.

அடுத்தது ஆந்தை. அதற்குள் வாசலில் மணியண்ணன் வந்து நின்றார். அவருடைய சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம், பள்ளிக்கூட மணியை அடிக்கிறவர் என்பதால், மணியண்ணன்தான்.

“உங்க அப்பா வந்திருக்கார் டீச்சர். வீட்டுக்காரரும் கூட வந்திருக்கார். பையை எடுத்துக்கிட்டு ஆபீஸ் ரூமுக்கு வரணுமாம்.”

பையை எடுத்துக்கொண்டு. அப்படியென்றால் பேச்சு முடிந்துவிட்டது. கூட்டிக்கொண்டு போவதுதான் பாக்கி.

ஆபீஸ் ரூம் பக்கத்து அறை. நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு, அதுவும் கூரை வரை எட்டாது. அந்தப் பக்கம் அப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது.

சின்ன வயதிலிருந்தே அந்தச் செருமலைக் கேட்டால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ‘என் பொண்ணு வாயில்லாப் பூச்சி’ என்று அப்பா போகிற இடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். பூச்சிக்கு அதில் என்ன பெருமையோ.

அந்தப் பெருமையைக் கேட்டுத்தான் கணவன் கட்டிக்கொண்டான். அவன் அடித்ததில்லை, குடித்ததில்லை. அவள் பேச வேண்டியதையும் தானே பேசிவிடுவான், அவ்வளவுதான். “நல்லா இருக்கியாம்மா?” என்று யாராவது அவளைக் கேட்டால், “நல்லா இருக்கா” என்பான். “டீ குடிக்கிறியா?” என்றால், “அவளுக்கு வேண்டாம்” என்பான்.

ஒருநாள், “அவ அடுத்த மாசத்தோட வேலையை விட்டுடறா” என்று அவன் யாரிடமோ போனில் சொன்னான். தான் வேலையை விடப்போவது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் வந்தவள், சாயங்காலம் வீடு திரும்பவில்லை. தையல் டீச்சர் வீட்டு மாடியில் ஒண்டிக்கொண்டாள்.

அடி, உதை என்றால் உலகம் ஒத்துக்கொள்ளும். இதற்கு என்ன பெயர் வைப்பது?

இப்போது ஆபீஸ் ரூமுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பா ஒரு செருமல் செருமுவார். கணவன், “வரேங்கறா மாமா” என்பான். அவள் பையோடு பின்னால் நடப்பாள்.

சுவரில் தொங்கிய ஆந்தைப் படத்தையே பார்த்துக்கொண்டு, தனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள்.

“நான் வரமாட்டேன்னு சொல்லிடுங்கண்ணே.”

முதல் பெஞ்சுக்குக் கேட்டுவிட்டது.

“நான் வரமாட்டேன்னு சொல்லிடுங்கண்ணே!”

நடு பெஞ்சு பிடித்துக்கொண்டது. கடைசி பெஞ்சு ராகம் போட்டு இழுத்தது. நரிக்கும் யானைக்கும் கொடுத்த மரியாதையில் இதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இது எந்தப் பிராணி போடும் சத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் டம்ளரில் சுற்றிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. செருமல் இல்லை. அவளுக்குப் பதிலாகச் சொல்லக் கணவனிடமும் ஒன்றும் இருக்கவில்லை போலிருக்கிறது.

மணியண்ணன் தலையைச் சொறிந்தார்.

“இனிமே நான் வேற போய்ச் சொல்லணுமா டீச்சர்?”

அவளுக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது.

தலைமையாசிரியை விறுவிறுவென்று வந்து நின்றார். விருந்தாளிகள் முன்னால் மானம் போன கோபம் முகத்தில் தெரிந்தது. அதைப் பிள்ளைகள் மேல் காட்டினார்.

“யாரு உங்களை இதைச் சொல்லச் சொன்னது? பெரியவங்க பேசினா நடுவுல கத்தறதா?”

முன்பல் இரண்டும் விழுந்த ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்க அவளுக்கு மனமில்லை.

“எங்க டீச்சர் சும்மா பேசினா நாங்க சொல்ல மாட்டோம் பெரிய டீச்சர். கை தூக்கினாத்தான் சொல்லுவோம். இப்பவும் தூக்கினாங்க.”

டீச்சர் தன் வலது கையைப் பார்த்தாள். சாக்பீஸோடு அது தோளுக்கு மேலே நின்றிருந்தது. எப்போது தூக்கினாள் என்று சத்தியமாக அவளுக்கே தெரியாது.

“டீச்சர் ஏதோ ஞாபகத்துல தெரியாமத் தூக்கியிருப்பாங்க” என்று தலைமையாசிரியையே அவசரமாகச் சமாதானம் சொன்னார்.

“இல்ல மேடம்” என்றாள் டீச்சர். “தெரிஞ்சுதான் தூக்கினேன்.”