ஓடைக்கோடு

இந்த ஒரு எழுத்தை எடுத்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம்.

கண் எரிந்தது. கழுத்துக்குக் கீழே எங்கேயோ தொடங்கிய வலி விரல்வரை வந்து நின்றிருந்தது.

திரையில் மனைப்பிரிவு வரைபடம். அதன் குறுக்கே வளைந்து இறங்கும் ஒரு கோடு.

கோடு, இடைவெளி, ஓ, இடைவெளி. மறுபடி கோடு.

ஓ என்றால் ஓடை. இங்கே வரைபடம் வரையும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே உண்டாக்கிய லைன்டைப், கோட்டு வகை, அது. எங்கே இழுத்தாலும் எழுத்து தானாக வந்து உட்காரும். அப்போது அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அதைச் செய்த கணினி எப்போதோ செத்துவிட்டது. மூலக் கோப்பும் அதோடு போயிற்று. வரைபடத்துக்குள் மட்டும் கோடு பிழைத்துக் கிடந்தது. மதியத்திலிருந்து அதைத்தான் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அது நோட்பேடில் ஒற்றை வரி. சில எண்கள், சில காற்புள்ளிகள், மேற்கோளுக்குள் ஓர் ஓ.

அவ்வளவு பெரிய ஓடை, இவ்வளவுதான்.

அந்த ஓவை அழித்து, அதே பெயரில் திரும்ப ஏற்றினால் போதும். எழுத்தில்லாமல் விட்டுவிட்டுப் போகும் கோடு என்றால் மண்தடம். எல்லாத் தாளிலும் ஓடை மண்தடமாகிவிடும். தடத்தை மனைகளோடு சேர்த்துக்கொள்ளலாம். சட்டப்படி ஓடையைச் சேர்க்க முடியாது.

நாளைக் காலையில் அனுமதிக்குப் போகிற வரைபடம்.

"ஒத்த எழுத்துதானுங்கம்மா. அதுல தண்ணி போயி எத்தன வருசமாச்சு."

முதலாளி நாச்சிமுத்து மதியம் கோபமில்லாமல்தான் சொன்னார். அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. அவள் மகளின் காதுகுத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, கடைசிப் பந்திவரை இருந்தவர்.

ஒரு எழுத்துதானே.

கல்யாணமான புதிதில், பெயருக்கு முன்னாலிருந்த அப்பாவின் எழுத்தை எடுத்துவிட்டுக் கணவனின் எழுத்தைப் போட்டபோதும் இதையேதான் சொன்னார்கள். சரிங்க என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் எல்லாவற்றுக்கும் சரிங்க. இங்கேயும் சரிங்க. அந்தச் சொல் நாக்கிலேயே தேய்ந்துபோயிருந்தது.

ஓவை அழித்தாள். ஏற்றிப் பார்த்தாள். சும்மா, எப்படி இருக்கிறதென்று.

எழுத்து போயிருந்தது. அது உட்கார்ந்திருந்த இடம் போகவில்லை. பல் விழுந்த வாய்போல வளைவு நெடுக இடைவெளிகள்.

இருபுறமும் மனைகள் நெருங்கி நின்றன. அங்கே யாரோ பால் காய்ச்சிக் குடிபோவார்கள். ஏதோ ஓர் ஐப்பசியில் அடுப்படிக்குள் தண்ணீர் வந்து நிற்கும். எங்கிருந்து வந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஓவைத் திரும்பப் போட்டாள். ஏற்றினாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

கணினியை அணைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடி அறையிலிருந்து அவர் குரல் வந்தது.

"மாத்தியாச்சுங்களா?"

"இல்லீங்க."

மறுப்போடும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டே வந்தது.

அவர் தலை நிமிரவில்லை. கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டே சொன்னார். "இன்னும் இல்லீங்களா? செரி, மெதுவாவே பண்ணுங்க."

அந்த 'இன்னும்' வசதியாகத்தான் இருந்தது. அதற்குள் ஒதுங்கிக்கொண்டால் இந்த நாற்காலி நாளைக்கும் இருக்கும்.

கால் வலித்தது. ஆனாலும் அவருடைய மேசைவரை நடந்தாள்.

அவர் நிமிரும்வரை நின்றாள்.

அவர் சேர்த்த 'இன்னும்' என்பதை மட்டும் எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"இல்லீங்க."